கையில் 4000 ரூபாய், ஆள் 14 பேர்: யோகா சாமான்களை நாமே செய்துகொள்ள முடியுமா?

வாசல்கோலம்:
எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. தெருவில் உள்ள பெண்கள் 14 பேர் சேர்ந்து, சங்கக் கட்டட மாடியில் காலை ஐந்தரை மணிக்கு யோகா ஆரம்பித்திருக்கிறோம். சொல்லிக்கொடுப்பது நான்தான். சான்றிதழ் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது, கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.

கையில் இருப்பது மொத்தமே 4000 ரூபாய். கடையில் ஒரு பாய் 400 ரூபாய் என்று வைத்தாலும் 14 பாய்க்கு 5600 வந்துவிடுகிறது. அப்புறம் பிளாக் (கை ஊன்றும் கட்டை), பெல்ட் (காலை இழுத்துப் பிடிக்கும் பட்டை), போல்ஸ்டர் (முதுகுக்குத் தாங்கலாக வைக்கும் உருளைத் தலையணை) எல்லாம் எங்கே வாங்குவது? மாடித் தரை டைல்ஸ். பத்தமடை எங்களுக்கு பஸ்ஸில் போய் வரும் தூரம்தான் என்பதால் முதலில் கோரைப்பாய் வாங்கிப் போட்டேன். கையும் காலும் தரையில் ஊன்றி இடுப்பை மேலே தூக்கும் அதோமுக சுவானாசனம் செய்யும்போது முன்வரிசையில் ஒரு அக்கா பாயோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டே போய்ச் சுவரில் நின்றார். நல்லவேளை, சிரிப்போடு முடிந்தது.

எதையெல்லாம் வீட்டிலேயே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
மேடம், நேரத்துக்கும் விலை உண்டு. 14 பேரும் ஆளுக்கு 150 போட்டால் 2100. உங்கள் 4000 சேர்த்தால் 6100. மொத்த விலைக் கடையில் 14 பாய் வந்துவிடும். வேலை முடிந்தது.

வாசல்கோலம்:
அண்ணா, அந்த 150 கொடுக்க முடியாதவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். கேட்டால் மறுநாளிலிருந்து வர மாட்டார்கள். வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள், உடம்பு சரியில்லை என்று நின்றுவிடுவார்கள். அதனால்தான் கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
அது தெரியாமல் சொல்லிவிட்டேன். தொடருங்கள்.

சவாசனம்_மட்டும்:
என் ஓட்டு எதுவும் வேண்டாம் என்பதற்கே. ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தார்கள் நம் பெரியவர்கள். பெல்ட், பிளாக் எல்லாம் வெளிநாட்டுக்காரன் விற்பதற்காகக் கண்டுபிடித்த சமாச்சாரம்.

பழைய_மாணவி:
சவாசனம் சார், பாதி சரி, பாதி தப்பு.

பெல்ட் வெளிநாட்டுச் சரக்கு இல்லை. யோக நரசிம்மர் சிலையைப் பாருங்கள். முழங்கால் இரண்டையும் உயர்த்தி உட்கார்ந்திருப்பார், சுற்றி ஒரு பட்டை ஓடும். அதற்கு யோகபட்டம் என்று பெயர். சபரிமலை ஐயப்பனுக்கும் அதே பட்டைதான். முதுகு தளராமல், கால் சரியாமல் நெடுநேரம் உட்கார ஒரு துணிப்பட்டை. இன்றைக்கு நாம் பெல்ட் என்று சொல்வதும் அதே வேலையைத்தான் செய்கிறது.

பிளாக், நாற்காலி, சுவர்க்கயிறு எல்லாவற்றையும் முறைப்படுத்தியவர் புனேயில் கற்பித்த பி.கே.எஸ். ஐயங்கார். கையில் கிடைத்த செங்கல், வீட்டு நாற்காலி, போர்வை, இவற்றில் தொடங்கியதுதான் அது.

நீங்கள் சொன்னதில் சரியான பாதி பாய் விஷயம். காலைப் பிடித்துக்கொள்ளும் ஒட்டுப்பாய் இருக்கிறதே, அதுதான் புதுசு. 1982இல் ஏஞ்சலா ஃபார்மர் என்ற ஆசிரியை ஜெர்மனியின் மியூனிக் நகரில் வகுப்பு எடுத்தபோது, கம்பளத்துக்கு அடியில் விரிக்கும் விரிப்பைத் துண்டாக வெட்டி அதன் மேல் ஆசனம் செய்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய யோகா மேட். அதுவும் கடையில் இருந்த வேறொரு சாமானை வெட்டிச் செய்ததுதான் என்பதைக் கவனியுங்கள்.

அதனால் வாசல்கோலம், உங்களுக்கு என் முதல் யோசனை: 14 பாய் என்ற கணக்கையே விடுங்கள். நின்றுகொண்டு செய்யும் ஆசனங்களுக்குப் பாய் எதற்கு? திரிகோணாசனம், விருட்சாசனம், வீரபத்ராசனம் எல்லாம் வெறுந்தரையில் வெறுங்காலோடு செய்யச் சொல்லுங்கள். தரை சுத்தமாக, ஈரமில்லாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். துடைத்துக் காய்ந்த டைல்ஸில் வெறும் பாதம் நன்றாகவே பிடிக்கும். வியர்க்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு துண்டு. படுத்தும் உட்கார்ந்தும் செய்வதற்கு மட்டும் விரிப்பு போதும். அதற்கு வழுக்காத தன்மை தேவையில்லை, முதுகெலும்பும் முழங்காலும் தரையில் அழுந்தாத கனம்தான் தேவை. வீட்டில் இருக்கும் ஜமக்காளம் தாராளம்.

வாசல்கோலம்:
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. பாய் இல்லாமல் வகுப்பா என்றுதான் மனசு போனது. ஆனால் சுவானாசனம்? கையும் காலும் எதிரெதிராக இழுக்கும்போது டைல்ஸில் கை வழுக்குகிறதே.

பழைய_மாணவி:
குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கைவிரல்கள் சுவரைத் தொடுகிற மாதிரி. ஒரு பக்கம் சுவர் இருந்தால் வழுக்க வழியில்லை. உங்களிடம் இருப்பதிலேயே நல்ல சாதனம் சுவர்தான், அதற்குக் காசும் கிடையாது. ஏழு பேர் சுவரில், ஏழு பேர் நடுவில் என்று மாற்றி மாற்றி விடுங்கள்.

தையல்மிஷின்:
ஜமக்காளம் என்றதும் உள்ளே வந்துவிட்டேன். நான் ஈரோட்டுப் பக்கம், பவானி ஜமக்காள ஊர். தையல் கடை வைத்திருக்கிறேன், மனைவிக்காக இதைச் செய்துகொடுத்திருக்கிறேன்.

ஜமக்காளம் வழுக்காமல் இருக்கப் பழைய சைக்கிள் டியூப் போதும். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். நீளவாக்கில் கத்தரித்து விரித்தால் பட்டையாக வரும். உள்ளே வெள்ளையாகப் பவுடர் இருக்கும், அதை சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். பவுடர் இருந்தால் அதுவே வழுக்கும். அந்தப் பட்டைகளை ஜமக்காளத்தின் அடிப்பக்கம் குறுக்காக, ஒரு சாண் இடைவெளியில் தைக்க வேண்டும். நாலு மூலையில் மட்டும் தைத்தால் நடுவில் துணி சுருண்டு காலைத் தடுக்கும். நான் முதலில் அந்தத் தப்பைத்தான் செய்தேன்.

வீட்டு மிஷினில் ரப்பர் ஓடாது, துணியை அழுத்தும் மிஷின் பாதத்தில் ஒட்டிக்கொள்ளும். மேலே ஒரு செய்தித்தாள் துண்டு வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்து எடுத்துவிடுங்கள். ஊசி 18ஆம் நம்பர். வம்பு வேண்டாம் என்றால் செருப்பு தைக்கிறவரிடம் கொடுத்தால் அரை மணியில் முடித்துவிடுவார்.

அளவு: கடையில் விற்கும் பாய் 24 அங்குல அகலம், 68 அங்குல நீளம். பழைய ஜமக்காளத்தில் கிழிந்த பாகத்தை ஒதுக்கிவிட்டு அந்த அளவுக்கு வெட்டி ஓரம் மடித்து அடியுங்கள். உயரமானவர்களுக்கு 72.

சவாசனம்_மட்டும்:
யோக நரசிம்மரை வைத்து மடக்கிவிட்டார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் துண்டு துண்டுதான்.

பழைய_மாணவி:
துண்டுக்கு நான் எதிரியே இல்லை சார். நீளமான ஈரிழைத் துண்டு பெல்ட் வேலையில் பாதியைச் செய்யும். பாதத்தில் மாட்டிக் காலை நீட்டி இழுக்க அது போதும். வளையமாகக் கட்டி இடுப்பிலும் தொடையிலும் மாட்டும்போதுதான் முடிச்சு உறுத்தும், அவிழவும் செய்யும். அங்கே வளையம் வைத்த பட்டை வேண்டும்.

தையல்மிஷின்:
பட்டைக்கு, கட்டிலுக்குப் பின்னும் நாடா வாங்குங்கள். நவார் என்று கேட்டால் கொடுப்பார்கள். பருத்தி நாடாவாகப் பார்த்து வாங்க வேண்டும். நைலான் மலிவுதான், ஆனால் வளையத்தில் நிற்காமல் நழுவும், இழுத்தால் தோலையும் அறுக்கும். ஒரு பெல்ட்டுக்கு 8 அடி. 2 அங்குல நாடா எடுத்தால் வளையமும் 2 அங்குலம். டி எழுத்து மாதிரி இருக்கும் வளையம், பை ரிப்பேர் கடையில் கிடைக்கும். ஒரு பெல்ட்டுக்கு இரண்டு.

வளையம் வாங்கும்போது வாயைப் பாருங்கள். வெறுமனே வளைத்துவிட்ட வளையம் இழுத்தால் வாய் திறந்துகொள்ளும். வெல்டிங் வைத்ததாகக் கேளுங்கள். நாடா முனையை இரண்டு வளையத்துக்குள்ளும் விட்டு மடித்து, சதுரம் போட்டு, அதன் நடுவில் பெருக்கல் குறி மாதிரி தைக்க வேண்டும். ஒற்றை வரித் தையல் ஒரு மாசம்கூடத் தாங்காது.

குட்டிம்மா_அம்மா:
பிளாக் பற்றி ஒரு சோகக் கதை. என் வீட்டுக்காரர் பார்சலில் வந்த தெர்மாகோல் துண்டுகளை ஒட்டி, மேலே பிரவுன் டேப் சுற்றி, "பார், கடைச் சாமான் மாதிரியே இருக்கு" என்று கொடுத்தார். பார்க்க அழகுதான். அர்த்த சந்திராசனத்தில் கையை ஊன்றி, ஒரு கால் மேலே போனதும் 'நறுக்' என்று ஒரு சத்தம். பிளாக் இரண்டாகப் போய்விட்டது, மணிக்கட்டு பத்து நாள் வீங்கிக் கிடந்தது. தயவுசெய்து யாரும் தெர்மாகோல் பக்கம் போகாதீர்கள்.

மரத்தூள்:
தச்சு வேலைக்காரன் பேசுகிறேன். பிளாக் அளவு 9 அங்குலம், 6 அங்குலம், கனம் 3 அல்லது 4. மரக்கடையில் அறுத்துத் தள்ளிய கட்டைத் துண்டுகள் எப்போதும் கிடக்கும். ஒரே கட்டையில் அந்தக் கனம் கிடைக்காது என்றால், ஒன்றரை அங்குலப் பலகை இரண்டை வெள்ளைப் பசை போட்டு ஒட்டி, ஒரு ராத்திரி முழுக்கக் கிளாம்பில் இறுக்கி வையுங்கள்.

தேக்கில் 3 அங்குலக் கனத்துக்குச் செய்தால் ஒன்றே முக்கால் கிலோ வரும். பெண்கள் தூக்கி மாற்றி வைக்க அது கொஞ்சம் பாரம், விலையும் அதிகம். மாமரம் போதும். நன்றாகக் காய்ந்ததாகப் பாருங்கள், பச்சை மரம் வெடிக்கும், பூச்சியும் விழும்.

முக்கியமான வேலை ஓரம்தான். எல்லா ஓரத்தையும் ராவி, உப்புத்தாள் போட்டு உருட்டிவிட வேண்டும். முதலில் 80ஆம் நம்பர், பிறகு 120, கடைசியில் 220. கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவினால் எங்கேயும் உறுத்தக் கூடாது. வார்னிஷ் அடிக்காதீர்கள், வியர்த்த கை வழுக்கும். அப்படியே விடலாம், இல்லை லேசாக எண்ணெய் துடைக்கலாம்.

அடுக்குமாடி_404:
செங்கல் வைத்துக்கொள்ளலாமா? எங்கள் கட்டட வேலை நடக்கும் இடத்தில் கிடைக்கிறது.

மரத்தூள்:
வைக்கலாம், உடையாது. ஆனால் நாட்டுச் செங்கல் ஒன்று மூன்று கிலோவுக்கு மேல். காலில் போட்டுக்கொண்டால் யோகாவை மறந்துவிட வேண்டியதுதான். பழைய சாக்கில் சுற்றித் தைத்து, இரண்டை ஒட்டிவைத்துப் பயன்படுத்துங்கள். தனிச் செங்கல்லை நெட்டுக்குத்தலாக நிறுத்தாதீர்கள், கவிழும்.

அடுக்குமாடி_404:
எங்கள் அப்பா சேர்த்துவைத்த பழைய டெலிபோன் டைரக்டரி மூன்று இருக்கிறது. ஒன்றாகக் கட்டினால் பிளாக் ஆகாதா?

பழைய_மாணவி:
உட்கார்வதற்கு அருமை! இடுப்பு இறுகினவர்கள் சுகாசனத்தில் உட்கார அதுதான் தேவை. குறுக்கும் நெடுக்கும் கயிறு போட்டு இறுக்கி, மேலே துணி தைத்துவிடுங்கள். கை ஊன்றி உடம்பின் பாரத்தைக் கொடுப்பதற்கு மட்டும் வேண்டாம். பக்கங்கள் ஒன்றன் மேல் ஒன்று நகரும்.

பஞ்சுமிட்டாய்:
போல்ஸ்டருக்கு இலவம்பஞ்சு. எங்கள் ஊர் போடி, பஞ்சுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை. மின்விசிறியை நிறுத்திவிட்டு அடையுங்கள். நான் நிறுத்தவில்லை. மூன்று நாள் சாம்பாரில்கூடப் பஞ்சு. உறை நெருக்கமான நெசவாக, தலையணைக்கு உள்ளே போடும் துணியாக இருக்க வேண்டும். இளநெசவுத் துணி என்றால் தைத்த ஊசித் துளை வழியாகவே பஞ்சு வெளியே வரும். இன்னொன்று, இலவம்பஞ்சு அமுங்கும். மாசம் ஒருமுறை வெயிலில் போட்டுத் தட்ட வேண்டும். தும்மல், இளைப்பு இருப்பவர்களுக்கு இது வேண்டாம்.

தையல்மிஷின்:
இன்னும் மலிவு வேண்டுமா? பஞ்சே வேண்டாம். அமுங்கிப்போய்த் தூக்கிப் போட வைத்திருக்கும் பழைய தலையணையை நடுவில் உருட்டி வைத்து, அதைச் சுற்றிப் பழைய நூல் சேலை நாலைந்தை ஒரே அகலத்தில் மடித்து இறுக்கிச் சுற்றுங்கள். ஒவ்வொரு சேலையும் முடியும் இடத்தில் நாலு தையல். 24 அங்குல நீளம், 7 அங்குல விட்டம். மேலே காடாத் துணியில் உறை: 26க்கு 23 அங்குலத் துண்டு ஒன்று, 8 அங்குல வட்டம் இரண்டு. ஒரு பக்க வட்டத்தை நாடா முடிச்சாக விட்டால் உறையைக் கழற்றித் துவைக்கலாம்.

பாலியஸ்டர் சேலை வேண்டாம், ஒன்றன் மேல் ஒன்று நழுவி போல்ஸ்டர் கோணலாகிவிடும். சின்னாளப்பட்டி மாதிரி நூல் சேலைதான் பிடித்து நிற்கும்.

குட்டிம்மா_அம்மா:
கண் மேல் வைக்கும் தலையணைக்கும் யாராவது சொல்லுங்கள். நான் பச்சரிசி போட்டுத் தைத்தேன். இரண்டு மாசத்தில் சவாசனத்தில் ஏதோ நெற்றியில் ஊர்கிறது என்று பார்த்தால் வண்டு.

பஞ்சுமிட்டாய்:
😄 குட்டிம்மாவின் கடுகுத் தலையணை எங்கே? பிறந்த குழந்தைக்குத் தலை உருண்டையாக வர வைப்போமே, அது வீட்டில் சும்மாதானே கிடக்கும். அதைப் பிரித்து, 9க்கு 4 அங்குலப் பையில் கால் கிலோ கடுகு போட்டுத் தைத்துவிடுங்கள். முழுக்க அடைக்காமல் தளர்வாக விட்டால்தான் மூக்கின் இரண்டு பக்கமும் வளைந்து உட்காரும். ஆளிவிதை வாங்கினாலும் சரி, அது இன்னும் வழுவழுப்பு. ஒரு துண்டு வெட்டிவேர் உள்ளே போட்டால் வாசனைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

பழைய_மாணவி:
ஒரு வார்த்தை: கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா) இருப்பவர்கள், கண்ணில் ஆபரேஷன் ஆனவர்கள் மேல் எந்தப் பாரமும் வைக்காதீர்கள். அவர்களுக்கு ஒரு கைக்குட்டையை மடித்துப் போட்டால் போதும்.

கணக்குப்பிள்ளை:
நான் திரும்ப வந்துவிட்டேன். தொட்டில் கட்டும் கொக்கியில் கயிறு போட்டுத் தலைகீழாகத் தொங்குவதைக் காணொளியில் பார்த்தேன். எங்கள் வீட்டில் மின்விசிறிக்காக விட்ட கொக்கி ஒன்று காலியாக இருக்கிறது. செய்யலாமா?

மரத்தூள்:
வேண்டாம் சார். மின்விசிறிக் கொக்கி அதன் எடையை மனதில் வைத்துப் போட்டது. ஆள் தொங்கும்போது எடை மட்டுமா, ஆட்டமும் சேர்கிறது. பழைய வீடுகளில் பெரியவர்கள் நாலு பேர் உட்கார்ந்து ஆடின ஊஞ்சல் கொக்கி இருந்தால் அது வேறு கதை. அதையும் கொத்தனாரிடம் காட்டாமல் தொடாதீர்கள்.

பழைய_மாணவி:
கொக்கி சரியாக இருந்தாலும் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் தலைகீழ் வேண்டாம். அதே மாதிரி பிளாஸ்டிக் நாற்காலி. சாய்ந்து பின்னால் வளையும்போது அதன் கால்கள் அகன்றுகொள்ளும். நாற்காலி ஆசனங்களுக்கு இரும்பு மடக்கு நாற்காலி மட்டும்தான், அதையும் சுவரோடு ஒட்டிப் போட்டு.

என் கணக்கு எளிமையானது. உடம்பின் முழுப் பாரமும் எதன் மேல் விழுகிறதோ, அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். முதுகுக்கும் தலைக்கும் வெறும் தாங்கலாக இருப்பதை எந்தப் பழைய துணியிலும் செய்துகொள்ளலாம்.

வாசல்கோலம்:
ஒன்றரை மாசம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஊர்த் திருவிழா, அப்புறம் மகளுக்குப் பரீட்சை. நீங்கள் எல்லோரும் சொன்னதைச் செய்துவிட்டோம். கணக்கு எழுதுகிறேன், கணக்குப்பிள்ளை அண்ணா சரிபார்க்கட்டும்.

ஜமக்காளம்: அவரவர் வீட்டிலிருந்து, செலவில்லை. டியூப் சும்மா கிடைத்தது. அடியில் தைக்க ஒன்றுக்கு 40 வீதம் 14க்கு 560. நவார் நாடா 35 மீட்டர் 525. வளையம் 28, ஒன்று 5 ரூபாய் வீதம் 140. மாமரக் கட்டை 14, ஒன்று 60 வீதம் 840. உப்புத்தாள் 60. காடாத் துணி 7 மீட்டர் 490. நூல், ஊசி 85. ஆக 2700.

போல்ஸ்டர் ஏழுதான் செய்தோம், இரண்டு பேருக்கு ஒன்று. சேலை சேர்ப்பதுதான் பெரிய கூத்து. "இது என் சீமந்தச் சேலை, இதைச் சுற்றாதே" என்று ஒருத்தி, "அப்போ இது யாருடையது" என்று இன்னொருத்தி. சுற்றி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, அரட்டையில்தான் பாதி. இப்போது ஒவ்வொருத்தரும் தங்கள் சேலை இருக்கும் போல்ஸ்டரைத்தான் தேடி எடுக்கிறார்கள்.

சொதப்பினதையும் சொல்ல வேண்டும். முதலில் தைத்த இரண்டு ஜமக்காளத்தில் டியூப் பவுடரைச் சரியாகக் கழுவவில்லை. அது அப்படியே சறுக்கியது. பிரித்துக் கழுவித் திரும்பத் தைத்தோம். கறுப்பு ரப்பர் வெள்ளை டைல்ஸில் லேசாகக் கோடு விடுகிறது, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போகிறது. நாடாவைத் துவைத்ததும் ஒரு சாண் சுருங்கிவிட்டது. தைக்கும் முன் ஊறவைத்துக் காயப் போட்டிருக்க வேண்டும்.

மீதி 1300. அதில் 600 வீதம் இரண்டு ரப்பர் பாய் கடையில் வாங்கினேன். ஒன்று முழங்கால் வலி இருக்கும் ஒரு பெரியம்மாவுக்கு, மண்டியிட அவருக்கு அந்தக் கனம் வேண்டும். இன்னொன்று உள்ளங்கை ஓயாமல் வியர்க்கும் ஒரு பெண்ணுக்கு. மிச்சம் நூறு ரூபாய்க்கு டீயும் பஜ்ஜியும்.

கணக்குப்பிள்ளை:
கூட்டிப் பார்த்தேன், 4000 சரியாக வருகிறது. 14 பேருக்கு நூறு ரூபாயில் பஜ்ஜி எப்படி என்பதுதான் புரியவில்லை.

வாசல்கோலம்:
வாழைக்காய் எங்கள் தோட்டத்தில் காய்த்தது அண்ணா.

அடுக்குமாடி_404:
நான் டைரக்டரி மூன்றையும் கட்டி உறை தைத்துவிட்டேன். அப்பா அதில் உட்கார்ந்துதான் இப்போது பேப்பர் படிக்கிறார், எனக்குக் கிடைப்பதே இல்லை. தையல்மிஷின் அண்ணா, கோவையில் பருத்தி நவார் எங்கே கிடைக்கும்? கேட்ட கடையில் எல்லாம் நைலான்தான் நீட்டுகிறார்கள்.

தையல்மிஷின்:
பாய், தலையணை விற்கிற பழைய கடைகளில் கேளுங்கள் தம்பி. வாங்கும் முன் ஒரு நூலை உருவி நெருப்புக்குச்சியில் காட்டிப் பாருங்கள். சாம்பலாக உதிர்ந்தால் பருத்தி, உருகி மணியாக உருண்டால் நைலான்.